இட்டேரியில் ஐந்து வருஷம்: மூன்று பேர், ஒரே மாடல் வண்டி

காங்கேயம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இட்டேரி என்றால் விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் மண் தடம். வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமுமாக மாடு மேய்கிற நிலம். இந்த இட்டேரிகள் ஊருக்கு ஊர் பின்னிக்கொண்டு போகும். தார் ரோட்டை இரண்டு மூன்று இடத்தில் குறுக்கே கடந்தால் போதும், காலை முழுக்க மண்ணிலேயே ஓட்டலாம். நானும் இரண்டு நண்பர்களும் ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்கிறோம். என் வண்டி இதுவரை 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணில்தான்.

வண்டி 200 சிசி, ஃப்யூல் இன்ஜெக்ஷன். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் வீல், ட்யூப் டயர். எடை 160 கிலோவை ஒட்டி வரும். கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்த வகையில் வரும் எந்த வண்டிக்கும் நான் சொல்வது பொருந்தும். எங்களுக்கு வந்த பழுதில் பெரும்பகுதி விழுந்ததாலும், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதாலும் வந்தவை.

பவர் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இட்டேரியில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியர்தான். போதும். திருச்சி ரோட்டில் லாரியைத் தாண்டும்போது போதாது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. பழுதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் மூன்று பேரிடமும் மூன்று விதமான வண்டி. எங்களில் மூத்தவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் 400 சிசியை ஒட்டிய கனத்த வண்டி இருந்தது. இன்னொருவனை மாப்பிள்ளை என்போம். அவனிடம் 150 சிசி ரோடு வண்டி, டயரை மட்டும் மாற்றியது. ஒரு பங்குனி மாதம் உப்பாறு அணைப் பக்கம் போயிருந்தோம். பதினொரு மணி வெயிலில் அண்ணாவின் கிளட்ச் கேபிள் லிவர் முனையில் அறுந்துவிட்டது. என் பையில் கேபிள் இருந்தது, ஆனால் அது என் வண்டிக்கான அளவு. மாப்பிள்ளையிடம் இருந்ததும் அப்படியே. கிளட்ச் இல்லாமல் வண்டியைத் தள்ளி ஓடவிட்டு முதல் கியர் போடலாம்தான். ரோட்டில் அது நடக்கும். மணல் மாதிரி இளகிய தடத்தில் கனத்த வண்டியைத் தள்ளி வேகம் பிடிக்க முடியவில்லை. ஏழு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. குடிதண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளை சொன்னான்: "மூணு பையிலயும் சேர்த்து எட்டுக் கிலோ சாமான் இருக்குது. ஒண்ணுகூட அண்ணன் வண்டிக்குச் சேராது."

அண்ணா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஒரே வண்டியா இருந்திருந்தா இந்நேரம் ஊட்டுல சோறு தின்னுட்டு இருந்திருப்போமப்பா."

அடுத்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு பேரும் பழைய வண்டியை விற்றுவிட்டு என்னுடைய மாடலையே வாங்கினார்கள். ஒன்று செகண்ட் ஹேண்ட். இந்த ஐந்து வருஷத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் இதுதான் நல்ல முடிவு என்று உறுதியாகச் சொல்வேன். எந்த வண்டி சிறந்தது என்பதைவிட, கூட வருகிறவர்களிடம் அதே வண்டி இருக்கிறதா என்பதுதான் நடுக்காட்டில் கை கொடுக்கும். சாமானைப் பிரித்துக்கொண்டோம். ட்யூப், பஞ்சர் சாமான், பம்ப் என்னிடம். கேபிள், லிவர், செயின் லாக் (செயின் முனைகளை இணைக்கிற கண்ணி), கியர் லிவர் மாப்பிள்ளையிடம். ஸ்பேனர், கட்டுக்கம்பி, டேப், முதலுதவிப் பொருட்கள் அண்ணாவிடம். ஒவ்வொருவர் முதுகிலும் மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு லாபம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பக்கத்தில் நிற்கிற நல்ல வண்டியிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். ஒருமுறை மாப்பிள்ளை வண்டியில் செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஃபியூஸ் சரி, பிளக் சரி. என் வண்டியின் ரிலேவை (பம்புக்குக் கரண்ட் விடுகிற குட்டி ஸ்விட்ச்) எடுத்துப் போட்டதும் பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்டது. பழுது எங்கே என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பட்டறையில்கூட அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பது சிரமம்.

அப்புறம் முள். எங்கள் பக்கத்தில் மண்ணில் ஓட்டுகிறவனுக்கு முள்தான் முதல் எதிரி. வெள்வேல முள் காய்ந்து வெள்ளையாகத் தடத்தில் கிடக்கும். சீமைக் கருவேல முள் அதைவிடக் கெட்டி. வேலி கழித்த சமயத்தில் போனால் இன்னும் மோசம். பஞ்சர் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மூன்று வண்டிக்கும் சேர்த்து 41. அதில் 27 பின் சக்கரம்.

முதல் பஞ்சருக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். இப்போது பின் சக்கரம் என்றாலும் முப்பத்தைந்து நிமிஷம். டயர் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவிப்பதுதான் கஷ்டமான வேலை. கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி, அந்த வண்டியின் எடையை அதன்மேல் சாய்த்தால் படக்கென்று விடும். டயர் லிவர் போடும்போது எதிர்ப்பக்க ஓரத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பலத்தைக் காட்டினால் லிவரே புது ட்யூப்பைக் கிழித்துவிடும்.

ட்யூப்பைக் கழற்றியதும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். விரலால் தடவினால் சில முள் முனை கையில் படாது. துணி மாட்டிக்கொள்ளும். ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு ட்யூப் போனது. காரணம், அரிசி அளவுகூட இல்லாத ஒரு முள் முனை ரப்பருக்குள்ளேயே உடைந்து நின்றதுதான்.

மாற்று ட்யூப் நாங்கள் 21 அங்குலம் மட்டுமே கொண்டுபோகிறோம். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின் சக்கரத்திலும் போடலாம். கொஞ்சம் மடிப்பு விழும், மெதுவாக வீடு வந்து சேரலாம், வந்ததும் மாற்றிவிட வேண்டும். பேட்ச் போடுவதாக இருந்தால் சொலுஷன் தடவியதும் ஒட்டிவிடக் கூடாது. அது காய்ந்து பிசுபிசுப்பு வருகிற வரை பொறுக்க வேண்டும். எங்கள் பேட்ச் கழன்றதெல்லாம் இந்தப் பொறுமை இல்லாததால்தான்.

காற்று அளவும் முக்கியம். மண்ணுக்கு 18, 20 பி.எஸ்.ஐ. என்று இறக்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் வெங்கச்சான் கல் (வெள்ளைக் கல்) நிறைந்த கரட்டுப் பக்கம் அதே காற்றில் போனால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அங்கே 24க்குக் குறைக்க மாட்டேன்.

விழுந்தால் முதலில் உடைவது கிளட்ச் லிவர். லிவர் பிடிக்கிற கிளாம்புக்கு உள்ளே, ஹேண்டில் பாரில், குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, கிளாம்பை அளவாக இறுக்கினோம். இப்போது விழுந்தால் லிவர் வழுக்கித் திரும்பிக்கொள்கிறது, உடைவதில்லை. ஒரு டேப்பின் செலவுதான். அதைச் செய்யாத முதல் வருஷத்தில் ஐந்து லிவர் வாங்கினோம். கிளட்ச் கேபிளையும் இப்போது பையில் வைப்பதில்லை. பழைய கேபிளுக்கு ஒட்டினாற்போல் புதுக் கேபிளை அதே வழியில் ஓட்டி, டேப் சுற்றி வைத்திருக்கிறோம். அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும். டாங்கைக் கழற்றும் வேலையே இல்லை.

கார்த்திகை மழை சமயத்தில் உடுமலைப் பக்கக் கரிசலில் ஒருமுறை இறங்கினோம். செம்மண்ணில் பழகியவர்களுக்குக் கரிசல் வேறு உலகம். டயரில் ஒட்டிய மண் மட்கார்டுக்கு உள்ளே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றவில்லை. இருபது அடிக்கு ஒருமுறை குச்சியால் குத்தி எடுத்தோம். கிளட்ச் பிளேட் கருகும் வாடை வந்ததும் இறங்கித் தள்ளினோம். ஈரக் கரிசலில் போகவே கூடாது என்பது அன்றைக்கு முடிவானது. தடத்தையும் அது பாழாக்குகிறது. நாம் உழுதுவிட்டுப் போகும் பள்ளத்தில் அடுத்த நாள் பால்காரர் வண்டி ஓட்ட வேண்டும்.

அமராவதியில் தண்ணீர் விட்டிருந்த ஒரு வாரத்தில் கிளை ஓடை ஒன்றைக் கடக்கும்போது நான் விழுந்தேன். வண்டி படுத்தபடியே இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நிமிர்த்தியதும் என் விரல் செல்ஃப் பட்டனுக்குப் போனது. கரையிலிருந்து அண்ணா கத்தினார்: "தொடாத! பட்டனைத் தொடாத!" அந்தச் சத்தம்தான் என் இன்ஜினைக் காப்பாற்றியது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தோம். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஏர் பாக்ஸ் தண்ணீரை வடித்து, ஃபில்டரைக் கழற்றி வெயிலில் காயவைத்தோம். இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்தோம். மாறவில்லை. ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடியது. இருந்தாலும் அன்று மாலையே ஆயில் மாற்றிவிட்டேன்.

பழுது இல்லாமலே பழுது மாதிரி பயமுறுத்துவது இரண்டு உண்டு. வண்டி சாய்ந்து விழுந்தால் சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். நிமிர்த்தி, சாவியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பிடிக்கும். இது தெரியாமல் ஒரு நாள் டாங்கையே கழற்றியிருக்கிறோம். இன்னொன்று சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச். அதில் சேறு அடைத்தால் கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும்.

ஊர்ப் பட்டறைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருமுறை அண்ணாவின் கியர் லிவர் கல்லில் அடித்து வேரோடு முறிந்தது. மாற்று லிவரை முந்தின வாரமே மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தோம், புதிது வாங்கவில்லை. பக்கத்து ஊரில் கேட் வெல்டிங் அடிக்கிற பட்டறை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை, கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இருந்தவர் எழுந்து வந்து இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். "கழட்டிக் கொண்டாந்தீங்களே, அதுவே நல்லதுங்க தம்பி. வண்டியிலயே அடிக்கறதுன்னா பேட்டரி வயரைக் கழட்டோணும்" என்றார். கம்ப்யூட்டர் இருக்கிற வண்டிகளில் அது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காசு ஐம்பது ரூபாய்தான் வாங்கினார். அந்த லிவர் இன்றும் அண்ணா வண்டியில்தான் இருக்கிறது.

பராமரிப்பு என்று பார்த்தால், ஆடிக் காற்றில் தூசி அதிகம், ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருப்பதில் பாதிக் கிலோமீட்டருக்கே மாற்றுகிறேன். ஸ்டீரிங் பால் ரேஸ் ஒருமுறை மாற்றியாயிற்று. ஸ்போக்குகளை மாதம் ஒருமுறை ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பேன். தளர்ந்த ஸ்போக் மந்தமான சத்தம் கொடுக்கும். மைலேஜ் ரோட்டில் 40, மண்ணில் 30 கிடைத்தால் அதிகம்.

எங்கே ஓட்டுகிறோம் என்பதிலும் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தெற்கே ஆனைமலை அடிவாரம் பக்கம்தான், ஆசையாகவும் இருக்கும். ஆனால் காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். நாங்கள் போவதில்லை. இட்டேரியிலும் மாடு எதிரே வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வேலியோரம் நிற்போம். கொறங்காட்டு வழியாகப் போகச் சொல்லிப் பெரியவர்களே படலைத் திறந்துவிடுவது உண்டு. "சாத்தீட்டுப் போங்க கண்ணு, கன்னுக்குட்டி வெளிய போயிரும்" என்பார்கள். ஒரு தடவைகூடச் சாத்தாமல் வந்ததில்லை. கடைசியாக வருகிறவர் இறங்கிப் படலைக் கட்டிவிட்டு வர வேண்டும், மற்ற இருவரும் அவர் ஏறும்வரை நிற்க வேண்டும்.

வருகிற வாரம் என் வண்டிக்கு மூன்றாவது செயின் செட் போடுகிறேன். பழைய செயினில் தேயாத ஒரு நாலு கண்ணியைக் கழற்றி, ஒரு புது லாக்கும் சேர்த்து மாப்பிள்ளையின் பைக்குள் போட்டுவிடுவேன். யார் வண்டியில் அறுந்தாலும் சேரும்.