டிவியில் வைஃபை அறுகிறதா? கேட் 6 கேபிள் ஒரு மதிப்பீடு

ஸ்மார்ட் டிவியில் வைஃபை அடிக்கடி அறுந்தால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ரவுட்டரையும் டிவியையும் நேரடியாக இணைக்கும் கேட் 6 நெட்வொர்க் கேபிள்தான் எங்கள் முதல் பரிந்துரை. சென்னை அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் நெரிசலாக மோதிக்கொள்கின்றன. டிவியின் ஆன்டெனாவோ பெரும்பாலும் பேனலுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருக்கும். கேபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ரகம் வளைத்தால் சீக்கிரம் முறியும். அதைத் தொடவே வேண்டாம். இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியே வருவது நல்லது. கதவிடுக்கில் நுழைக்கத் தட்டைக் கேபிள் வசதி. அளக்கும்போது சுவரோரமாகவே அளந்து, 2 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே குறை, பல டிவிகளின் லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) 100 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டாது. 4கே படத்துக்கு 25 போதும் என்பதால் கவலை வேண்டாம்.

கேபிள் இழுக்க ஆணி அடிக்க முடியாத வாடகை வீடா? வைஃபையையே சரிசெய்து பாருங்கள். ரவுட்டர் அமைப்பில் 2.4-க்கு 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததை நிலையாக வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சேனல் 36 முதல் 48 வரை. டிவியில் செருகிய யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் மின்காந்த இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும்.

கேபிள் போட்டும் அறுந்தால், ரவுட்டரையோ இணைய லைனையோதான் முதலில் சோதிக்க வேண்டும்.