லினனை நனைத்துத் தைப்பதாகக் காசு வாங்கிவிட்டு நனைக்காமலே வெட்டும் தையல் கடைகள்

மட்டக்களப்பு டவுனில் லினன் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கல்முனையில் தைக்கக் கொடுக்கும் என் மச்சாளும் இதே கதையைத்தான் சொல்கிறாள், அதனால் இது ஒரு கடையோடு முடிகிற விஷயமும் இல்லை.

அப்பாவுக்கு நீளக்கைச் சேட் ஒன்று தைக்கக் காத்தான்குடியில் லினன் எடுத்தேன். மீற்றர் 3,200 ரூபாய். துணிக்கடைக்காரர் நல்ல மனுசன். வெட்டும்போதே, "இது சுருங்கும், தோய்ச்சுக் காயவச்சுப்போட்டுத் தைக்கச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் தந்தார். அதற்காகவே கால் மீற்றர் கூடுதலாகவும் எடுத்தேன். தையல் கடையில் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? நாங்களே நனைச்சு, காயவச்சு, மினுக்கித்தான் வெட்டுவம். அதுக்கு 400 ரூபா தனிய வரும்." சரியென்று கொடுத்தேன். பில்லிலும் 'நனைப்பு 400' என்று அவர் கையாலேயே எழுதினார்.

சேட் வந்தது. தோள், கை, கொலர் எல்லாம் அளவாக இருந்தன. அப்பா ஒரு கலியாண வீட்டுக்குப் போட்டுப் போனார். வந்ததும் பச்சைத் தண்ணீரில் கையால் தோய்த்து நிழலில் காயப்போட்டேன். அடுத்த முறை போட்டபோது கை மணிக்கட்டு எலும்புக்கு மேலே நின்றது. நாடா வைத்துப் பார்த்தால் 24½ அங்குலமாக இருந்த கை 23. உடல் நீளம் 29இலிருந்து 27½. நெஞ்சுச் சுற்றளவில் மட்டும் ஒரு அங்குலம்தான் குறைந்திருந்தது. இதையெல்லாம்விட மோசம் கொலர். உள்ளே ஒட்டிய கன்வஸ் சுருங்கவில்லை, வெளியே இருக்கும் லினன் சுருங்கிவிட்டது. அதனால் கொலர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிப் போயிற்று. எவ்வளவு மினுக்கினாலும் அது படியாது.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் முதல் கேள்வியே, "சுடுதண்ணியில தோய்ச்சீங்களா?" இல்லை என்றேன். "மெஷினில போட்டீங்களா?" அதுவும் இல்லை. "அப்ப லினன் எண்டா அப்பிடித்தான் தங்கச்சி."

அப்படித்தான் என்பது பாதி உண்மை. லினன் ஆளிச் செடியின் தண்டு நாரில் நெய்வது. தறியிலும், பிறகு துணியைப் பதப்படுத்தி உருளையில் சுற்றும்போதும் நூல் இழுபட்டே இருக்கும். முதன்முதலாக நன்றாகத் தண்ணீர் குடிக்கும்போது அந்த இழுவை விட்டுப்போய் நூல் தன் அளவுக்குத் திரும்புகிறது. அதற்குச் சுடுதண்ணீர் தேவையில்லை, பச்சைத் தண்ணீரே போதும். சூடு சேர்ந்தால் இன்னும் கூடும், அவ்வளவுதான். சாதாரணமாக நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும், ஐதாக நெய்தது 10 வரைகூடப் போகும். பாவு நூல் போகும் நீளவாட்டில்தான் பெரும்பாலும் அதிகம். கையும் உடலும் குறைந்து நெஞ்சளவு தப்பியதன் காரணம் இதுதான். ஆனால் இந்தச் சுருக்கத்தில் பெரும் பங்கு முதல் நனைப்பிலேயே முடிந்துவிடும். முன்கூட்டியே நனைத்த துணி பிறகு தோய்க்கும்போது கொஞ்சம் இழுக்குமே தவிர, கையில் ஒன்றரை அங்குலம் போகாது.

அவர் நனைக்கவேயில்லை என்பதற்கு எனக்குச் சாட்சி வெட்டுத்துண்டு. மிச்சத் துணியைப் பையில் போட்டுத் தந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கரையில் துணிக்கடையின் விலைக் கடதாசி ஒட்டியபடியே இருந்தது. உருளையில் இரட்டையாக மடித்திருந்த நடு மடிப்பு அப்படியே கூராக இருந்தது. துணிக்கடைக்காரர் கத்தரியால் வெட்டிய முனையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஓரம் அடிக்காத லினனைத் தண்ணீரில் போட்டு அலசினால் அந்த முனை தாடி மாதிரி நூல் தொங்கி நிற்கும். சந்தேகமே வேண்டாமென்று அந்தத் துண்டில் பேனாவால் 10 அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து தோய்த்துக் காயவைத்தேன். நீளவாட்டில் 9½ ஆயிற்று. சேட்டும் துண்டும் ஒரே கணக்கு.

இரண்டையும் மேசையில் வைத்ததும் அண்ணனின் பேச்சு மாறியது. பெருநாள் வேலை நெருக்கம், பொடியன் மறந்திருப்பான், ஈரத் துணியால் துடைத்து அயன் பண்ணியிருப்பான் என்றார். ஈரத் துணியால் துடைப்பது நனைப்பு இல்லை. அதற்கு 400 ரூபாய் வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது. கடைசியில் அந்த 400ஐத் திருப்பித் தந்தார். துணிக் காசும் தையல் கூலியும் போனது போனதுதான் என்றார்.

ஆகவே இந்த வேலையைக் கடையில் விடாதீர்கள், வீட்டிலேயே செய்துகொண்டு போங்கள். இரண்டு வெட்டு முனைகளையும் ஓவர்லொக்கோ சிக்சாக்கோ அடித்துவிடுங்கள், மெஷின் இல்லையென்றால் கையால் பெருந்தையல் ஓட்டினாலும் போதும். உடுப்பைப் பிறகு எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே துணியையும் தோயுங்கள். மெஷினில் போடப் போகிற உடுப்பென்றால் துணியையும் மெஷினில்தான் போட வேண்டும், வாளியில் முக்கி எடுத்தால் போதாது. சவர்க்காரத்தூள் கொஞ்சம் போதும், நன்றாக அலச வேண்டும். கிணற்றுத் தண்ணீர் காவியடிக்கிற வீடென்றால் வெளிர் நிற லினனுக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். முறுக்கிப் பிழியவே வேண்டாம். லினன் நனைந்தால் பலம் கூடுகிற நார்தான், கிழியாது, ஆனால் முறுக்கிய மடிப்பு விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. கொடியில் ஒற்றையாக விரித்து, கரையை நேராக்கி, நிழலில் போடுங்கள். கச்சான் காற்று நாளில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுறுக்காகக் காய்ந்து மொடமொடவென்று நின்றுவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே இழுக்காமல் மினுக்கினால்தான் நேராக வரும். மார்கழி மழையில் காயாமல் கிடந்தால் பூஞ்சண வாசம் பிடிக்கும், அந்த நாட்களில் மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.

கடையில்தான் கொடுக்க வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன் காயவைத்த துணியைக் காட்டச் சொல்லுங்கள். வெட்டுத்துண்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், 'நனைப்பு' என்று பில்லில் எழுதவும் சொல்லுங்கள். காசு வாங்கிவிட்டுச் செய்யாத வேலைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம், 1977க்கு அடித்துக் கேட்டால் வழி சொல்வார்கள். முறைப்பாடு எழுத்தில், 3 மாதத்துக்குள் போக வேண்டும். நான் பில்லின் பிரதியோடு கடிதத்தை அனுப்பிவிட்டேன். சேட்டையும் துண்டையும் இனித் தோய்க்காமல் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டுமே.