டெக்சாஸுக்குக் குடிபோகிறவர்களே, தேதியை மாற்றி எழுதித் தருபவரிடம் சிக்காதீர்கள்

2022 ஜூலை 15 அன்று கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் குடிமாறினோம். தேதி எனக்கு மறக்காது. அன்று காலைதான் வாடகை வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, கிரைண்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினோம். அந்தத் தேதியை வரிப்படிவத்தில் ஏப்ரல் 1 என்று மாற்றி எழுதியவருக்கு 840 டாலர் கூலியும் கொடுத்தேன்.

ஆள் கிடைத்தது பே ஏரியா தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில். பேச்சில் தேன் ஒழுகும். "தம்பி, டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. அங்கே போன பிறகும் கலிஃபோர்னியாவுக்கு எதற்கு அழ வேண்டும்?" என்றார். கூலி, திரும்பக் கிடைக்கும் வரிப்பணத்தில், அதாவது ரீஃபண்டில், 15 விழுக்காடு என்றார். அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். ரீஃபண்ட் பெருகினால் தன் கூலியும் பெருகும் என்றிருப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ரீஃபண்ட் 5,600 டாலர் என்ற எண் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஜூலையில்தானே வந்தோம் என்று கேட்கத்தான் செய்தேன். "மார்ச் கடைசியில் ஒருமுறை வீடு பார்க்க ஆஸ்டின் போனீர்களே, அது போதும்" என்றார். போதாது. நாம் எங்கே குடியிருந்தோம், குடும்பம் எங்கே இருந்தது, பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது, ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் எந்த மாநிலத்தில் இருந்தன என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கலிஃபோர்னியா பார்க்கிறது. என் மகள் ஜூன் வரை சன்னிவேல் பள்ளியில்தான் இருந்தாள்.

அதைவிடப் பெரிய ஓட்டை பங்குகளில். 2020 ஆகஸ்டில் அலுவலகம் ஒதுக்கிய ஆர்.எஸ்.யு. பங்குகள் (சில காலம் வேலை பார்த்த பிறகே கைக்கு வருபவை) 2022 ஆகஸ்டில், அதாவது ஆஸ்டின் வந்த பிறகு, என் கைக்கு வந்தன. மதிப்பு 40,000 டாலர். டெக்சாஸில் கைக்கு வந்ததால் டெக்சாஸ் வருமானம் என்று முழுவதையும் ஒதுக்கிவிட்டார். கணக்கு அப்படிப் போவதில்லை. ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை எத்தனை வேலைநாள் கலிஃபோர்னியாவில் உழைத்தோமோ, அந்த விகிதம் கலிஃபோர்னியாவுக்கு உரியது. 24 மாதத்தில் ஏறக்குறைய 23 மாதம் நான் அங்கேதான் வேலை பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அலுவலகம் தந்த ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் 16ஆம் பெட்டியில் கலிஃபோர்னியா ஊதியம் 119,583 டாலர் என்று சரியாகவே அச்சாகியிருந்தது. இவர், ஆண்டு முழுவதும் கலிஃபோர்னியாவில் குடியிராதவர்களுக்கான 540 என்.ஆர். வரிப்படிவத்தில் காட்டியதோ 37,500. கலிஃபோர்னியா வரித்துறையிடமும் அந்த டபிள்யூ-2 இருக்கிறது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

2025 பிப்ரவரியில் கடிதம் வந்தது. குறைத்துக் கட்டிய வரி சுமார் 4,400 டாலர், அதற்கு வட்டி, போதாததற்கு 20 விழுக்காடு அபராதம். மறுப்புத் தெரிவிக்க 60 நாள் அவகாசம். அவருடைய எண்ணுக்கு அழைத்தேன்; மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் மணியும் அடிக்கவில்லை.

மத்திய வரித்துறையின் உரிமம் பெற்ற வரி ஆலோசகரான ஒரு என்ரோல்டு ஏஜென்ட்டிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் தொகையைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய கட்டத்தில் விரலை வைத்தார். காலி. அந்த வாட்ஸ்ஆப் ஆள் என் பெயரிலேயே, வீட்டில் பயன்படுத்தும் வரி மென்பொருளில், நானே தயாரித்ததாக அனுப்பியிருந்தார். முந்தைய ஆண்டின் ஏ.ஜி.ஐ. (சரிசெய்த மொத்த வருமானம்) தொகையை எதற்குக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. மின்வழியில் அனுப்புகிறவர் நாம்தானா என்று சரிபார்க்க அந்த எண் வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு வரிப்படிவம் தயாரிப்பவர், மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கொடுக்கும் பிடின் என்னும் தயாரிப்பாளர் அடையாள எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டே தீர வேண்டும். கலிஃபோர்னியாவில், வழக்கறிஞரோ, சி.பி.ஏ. என்னும் உரிமம் பெற்ற கணக்காளரோ, என்ரோல்டு ஏஜென்ட்டோ அல்லாதவர், சி.டி.இ.சி. என்னும் வரிப்படிவத் தயாரிப்பாளர் மன்றத்தில் பதிவு செய்து 5,000 டாலர் பிணைப்பத்திரமும் வைத்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. நான் இரண்டு வருடம் கழித்துத் தட்டிப் பார்த்தேன். இல்லை.

வரியில் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. வாதிட என்ன இருக்கிறது? வட்டியோடு கட்டினேன். அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதினோம், மறுத்துவிட்டார்கள். படித்துப் பார்க்காமல் சம்மதித்தவன் நான்தானே. சாவி ஒப்படைத்த ரசீது, சாமான் ஏற்றிய லாரிக்காரரின் பில், கடைசி மின்கட்டணம், டெக்சாஸ் உரிமம் வாங்கிய நாள் எல்லாவற்றையும் இப்போது ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். நீங்கள் கிளம்பும் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். பிறகு தேடினால் லாரிக்காரர் கிடைக்க மாட்டார். அலுவலகச் சம்பளப் பிரிவில் முகவரியையும் அதே வாரம் மாற்றுங்கள்.

ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு 14157 படிவத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். முந்தாநாள் அந்தக் குழுவில் வேறு எண்ணிலிருந்து அதே விளம்பரம், அதே 15 விழுக்காடு. கீழே "விவரம் அனுப்புங்கள் அண்ணா" என்று எழுதியிருப்பவர் சன்னிவேலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அடுத்த மாதம் டாலஸ் போகிறார். இதை எழுதி முடித்ததும் அவரைத்தான் அழைக்கப்போகிறேன்.