ஸ்க்ரூவா, சிமென்ட்டா? இம்பிளான்ட் கேப்பின் இரண்டு வழிகள்

பல் இம்பிளான்ட் என்றதும் எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகைப் பற்றித்தான் எல்லோரும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அதன் மேல் உட்காரும் கேப்பை எதைக் கொண்டு பிடிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. பின்னால் வரும் தொல்லைகள் பலவும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேப்பின் நடுவே சின்னத் துளை விட்டு, அதன் வழியாக ஸ்க்ரூ போட்டு முடுக்குவது ஒரு வழி. அபட்மென்ட் எனும் இடைத்துண்டை முதலில் முடுக்கி, அதன் மேல் கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டுவது மற்றொன்று.

அழகில் சிமென்ட்தான் முந்துகிறது. துளை கிடையாது. இம்பிளான்ட் சற்றுச் சாய்ந்திருந்தாலும் கேப்பை நேராக நிறுத்திவிடலாம். சாதாரண கேப் ஒட்டிப் பழகிய கைக்கு இது சுலபமும் கூட.

வில்லங்கம், ஒட்டும்போது பிதுங்குகிற சிமென்ட்டில் இருக்கிறது. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரிலேயே ஊன்றியிருக்கும். இம்பிளான்ட்டில் அந்தப் பிடிமானம் இல்லாததால் சிமென்ட் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். சில சிமென்ட்கள் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. மாதங்களோ வருடங்களோ கழித்து, ஃபிளாஸ் நூலை இழுத்தால் ரத்தம், கூடவே ஒரு நாற்றம். வலி பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஈறுக்கடியில் எண்டோஸ்கோப் (நுண்ணிய கேமராக் குழாய்) விட்டுப் பார்த்தார்கள். நோய் அறிகுறி இருந்த இம்பிளான்ட்களில் 81 சதவீதத்தில் மிச்சச் சிமென்ட் இருந்தது. அதை எடுத்ததும் பெரும்பாலானவற்றில் அறிகுறிகள் அடங்கிவிட்டன. வீக்கம் ஈறோடு நிற்கும்வரை சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய நேரலாம், போன எலும்பு முழுதாகத் திரும்பும் என்று நம்பவும் முடியாது.

ஸ்க்ரூவின் கோளாறு வேறு மாதிரி. அது தளரும். முதலில் கண்டுபிடிப்பது நாக்குதான்: கேப் லேசாக ஆடும். துளையை மூடிய காம்போசிட்டை (பல் நிற அடைப்பை) எடுத்து, அடியில் திணித்த டெஃப்லான் நாடாவை (குழாய் இணைப்பில் சுற்றுவார்களே, அதே வகைதான்) உருவி, தேவைப்பட்டால் புது ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். பல கம்பெனிகள் சொல்லும் முடுக்கு விசை அளவு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு முறை முடுக்குவது நல்லது. கடி எங்கே அதிகம் விழுகிறது என்று பார்க்காமல் முடுக்கி மட்டும் அனுப்பினால், அப்புறம் திரும்ப வர வேண்டியதுதான். ஆடும் கேப்போடு மென்றுகொண்டே இருந்தால் ஸ்க்ரூ உள்ளேயே முறியவும் கூடும். அது பெரிய வேலை.

சரி, சிமென்ட் போட்டால் இந்தத் தலைவலி இல்லையே என்றால், அபட்மென்ட்டுக்குள்ளும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அது தளர்ந்தால் கேப்பைக் கழற்ற வழியில்லாமல், நல்ல கேப்பைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

அதனால் கடைவாய்ப் பல்லுக்கு ஸ்க்ரூ என்பதே என் கட்சி. சாய்ந்த முன்பல் இம்பிளான்ட்டில் துளை உதட்டுப் பக்கம் வந்து விழுந்தால், துளையையே சுமார் 25 டிகிரி வரை திருப்பிக்கொள்ளும் வசதி சில கம்பெனிகளிடம் உண்டு. அதுவும் ஒத்துவராவிட்டால் சிமென்ட்டுக்குப் போகலாம், ஆனால் கேப்பின் விளிம்பு ஈறுக்கடியில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காத அபட்மென்ட்டாகக் கேளுங்கள். கேப்பையும் அபட்மென்ட்டையும் லேபிலேயே ஒட்டிச் சுத்தம் செய்து, ஒரே துண்டாக வாயில் முடுக்குகிற முறையும் இருக்கிறது. அதில் துளை இருக்கும், ஈறுக்கடியில் சிமென்ட் போக வழியிருக்காது.