அமைதியான டயரா, ஒலித்தடுப்பு விரிப்பா?

காருக்குள் கேட்கும் சாலை இரைச்சல், டயரில் பிறந்து, ஒரு பங்கு சஸ்பென்ஷன் வழியே தகடுகளின் அதிர்வாகவும் மறுபங்கு காற்றின் வழியாகவும் உள்ளே வருவதால், டயரை மாற்றுவது அதனைப் பிறப்பிடத்திலேயே குறைக்கிறது. உட்புறம் நுரைப்பஞ்சு ஒட்டிய டயர்கள், காற்றறையில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் அளவில் எழும் ரீங்காரத்தை அடக்குகின்றன. பஞ்சர் ஒட்டுவதுதான் சற்றுத் தொல்லை. ஐரோப்பிய டயர் லேபிளில் உள்ள டெசிபெல் எண், வண்டிக்கு வெளியே கேட்கும் ஒலிக்குரியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒலித்தடுப்புக்காகத் தகட்டில் ஒட்டும் பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) விரிப்போ தகட்டின் அதிர்வை மட்டுமே தணிக்கும். காற்றில் வரும் ஒலியை மறிக்க, இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி, கனமான வினைல் விரிப்பையும் அதன்மேல் இட வேண்டியிருப்பதால் வண்டியின் எடை கூடும். டயர் தேய்ந்திருந்தால் முதல் வழியையே தேர்வேன். புது டயரிலும் தரை முழங்கினால் மட்டுமே இரண்டாவது.