பார்ன்ஸ்டார்மர்ஸா, ஸ்டார்மா: எந்த அணியின் வரலாற்றை முதலில் படிப்பது?

உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்துக்குப் புதியவர்கள் பலர் இந்த இரண்டு அணிகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்
அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்: 1995, அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டெ மாய்ன். இந்த ஆட்டத்தையே உருவாக்கிய ஜிம் ஃபாஸ்டர் தொடங்கிய அணி. 1981-இல் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டே ஓர் உறையின் மேல் அவர் வரைந்த படம்தான் எல்லாவற்றுக்கும் வித்து.
சியூ ஃபால்ஸ் ஸ்டார்ம்: தெற்கு டகோட்டா மாநிலத்தின் சியூ ஃபால்ஸ் நகரம். 2000-இல் கோப்ராஸ் என்ற பெயரில் தொடக்கம், மறு ஆண்டே ஸ்டார்ம் என்று பெயர் மாற்றம்.

விதி
பார்ன்ஸ்டார்மர்ஸ் முதலில் ஆடிய அரீனா லீக்கில் (ஃபாஸ்டர் உருவாக்கிய ஆட்டத்தின் முதல் லீக்) கோல்கம்பத்தின் இருபுறமும் வலை உண்டு. வலையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்து ஆட்டத்தைத் தொடரலாம். அந்த வலைக்குக் காப்புரிமை இருந்ததால் ஸ்டார்ம் ஆடிய லீக்குகளில் வலையே கிடையாது. பழைய ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். களம் 50 கஜம், பக்கத்துக்கு 8 பேர் என்பது இரண்டுக்கும் பொது.

கோப்பை
ஸ்டார்ம்: 2005 முதல் 2008 வரை நான்கு, 2011 முதல் 2016 வரை ஆறு, 2019-இல் ஒன்று. பக்கத்தில் நிற்க ஆளில்லை.
பார்ன்ஸ்டார்மர்ஸ்: 1996, 1997 இறுதிகளில் தோல்வி. பின்னர் ஸ்டார்ம் ஆடிய லீக்கிலேயே சேர்ந்து 2018-இல் வென்றது, அதுவும் ஸ்டார்மை 69–68 என்று!

தொடர்ச்சி
2001-இல் முதல் பார்ன்ஸ்டார்மர்ஸ் நியூயார்க் போய் டிராகன்ஸ் ஆனது. 2008-இல் பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அதே பெயரில் டெ மாய்னில் புது அணி வந்தது. ஸ்டார்ம் லீக் மாறியதே தவிர ஊர் மாறவில்லை.

இங்கே ஆடிவிட்டுப் பிறகு என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்) நட்சத்திரமான கர்ட் வார்னர் எப்படி உருவானார் என்று அறிய பார்ன்ஸ்டார்மர்ஸ். சிறு நகர அணி எப்படி ஆண்டுக்கணக்கில் வென்றது என்று அறிய ஸ்டார்ம்.