ஒன்பது வருட ஓவர்ஷாட்: பிடிப்பதில் குறையில்லை, விடுவதில்தான் வம்பு

எண்ணெய்க் கிணற்றுக்குள் முறிந்து நின்ற பைப்பைக் கவ்வி எடுக்கும் ஓவர்ஷாட், பட்டறைக்குப் போய் நேற்று திரும்பி வந்தது. பைப்பைக் கவ்வும் பல்வளையமான கிராப்பிள் புதிது, கசிவை அடைக்கும் பேக்கர் ரப்பர் புதிது, வெளிக்கூடான பவுலின் உள்சரிவையும் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். அதைப் பார்த்த தம்பி ஒருவன், "அண்ணே, ஃபிஷ் எடுக்க இதை நம்பி இறக்கலாமா?" என்று கேட்டான். கிணற்றுக்குள் விட்டுப்போன பைப்பைத்தான் ஃபிஷ் என்போம். ஒன்பது வருடமாக இதோடு மாரடிக்கிறேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

கிணற்றுக்குள் முறிந்து நின்றுபோன பைப்பை வெளிப்புறமாகக் கவ்வ இதைவிட எளிய கருவியை நான் பார்த்ததில்லை. மேலே இழுக்க இழுக்க, பவுலின் சரிவு கிராப்பிளை உள்பக்கம் நெருக்கும், பிடி இறுகிக்கொண்டே போகும். ஃபிஷின் விட்டம் கருவி பிடிக்கக்கூடிய உச்ச அளவை ஒட்டியிருந்தால் சுருள் வடிவ ஸ்பைரல் கிராப்பிள், நன்றாகச் சிறியது என்றால் உருளை வடிவ பாஸ்கெட். இதெல்லாம் அவனுக்கே தெரியும்.

எனக்கு இன்றுவரை சலிக்காதது வேறு. பம்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பைப்பை லேசாக வலப்பக்கம் சுற்றி இறக்குவோம். ஃபிஷின் தலை பேக்கருக்குள் நுழைந்ததும் பிரஷர் கேஜின் முள் அசைந்து ஏறும். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே, கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று அந்த முள்தான் சொல்லும். அதன்பின் மட் என்கிற துளையிடும் சேறு, ஃபிஷின் உள்ளே புகுந்து அதன் அடிவழியாக வெளியேறிச் சுற்றத் தொடங்கும். சிக்கியிருந்த பைப் அதிலேயே இளகியதும் உண்டு.

விடுவிக்கும் ஏற்பாடும் அருமையாக யோசித்தது. கிராப்பிளின் உள்பற்கள் இடப்புரி, நம் பைப் மரைகள் வலப்புரி. ஆகவே வலப்பக்கம் சுற்றினால் மேலே ஒரு இணைப்பும் கழலாது. கிராப்பிள் மட்டும் ஃபிஷிலிருந்து மரை கழல்வதுபோல் ஏறி வந்துவிடும். இதை யோசித்தவர் ரிக்கில் நின்று பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால், இறுகிப்போன கிராப்பிளைக் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டி இளக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அதிர்ச்சி அடி கொடுக்கும் ஜாரால் நெடுநேரம் மேல்நோக்கி அடித்த பிறகு அந்தத் தட்டு போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது. சாய்வான கிணறு என்றால் நாம் கொடுக்கும் எடையைச் சுவர் உராய்வே பாதி தின்றுவிடும். கடைசி வேலையில், ஃபிஷ் வராது என்று தெரிந்த பிறகும், அதை விட்டுவிட்டு வர ஐந்து மணி நேரம் ஆனது. இத்தனைக்கும் கீழ்நோக்கித் தட்ட உதவும் பம்பர் சப்பை ஓவர்ஷாட்டுக்கு நேர் மேலேயே வைத்திருந்தோம்.

மேலே வந்ததும் கிராப்பிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கீழ்வரிப் பற்கள் நாலு மழுங்கியிருந்தன. இடுக்குகளில் பாறைத்தூளும், சேற்றைக் கனமாக்கச் சேர்க்கும் பாரைட்டும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை, ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுத்தோம்.

கருவி மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. ஃபிஷின் தலை எப்படியிருக்கிறது என்று பதிவெடுக்க முதலில் இறக்கிய ஈயக்கட்டியில் ஒரு ஓரம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஃபிஷின் தலை பிசிறோடு இருக்கிறது என்று அப்போதே தெரியும். மில் செய்து, அதாவது பிசிறை அரைத்துச் சமப்படுத்தி, தலைக்கு மேல் படிந்த தூளையும் நன்றாகக் கழுவிவிட்டு இறங்கியிருக்கலாம். அவசரம். இன்னொன்று, முந்தைய வேலையில் 6 5/8 அங்குல விட்டம் என்று எழுதியிருந்த டூல் ஜாயின்ட் (பைப்பின் தடித்த இணைப்பு முனை), தேய்ந்து 6 1/2 ஆகியிருந்தது. ஃபிஷுக்கு மேலிருந்து எடுத்த பைப்பைக் கேலிப்பர் வைத்து அளந்ததால்தான் சரியான கிராப்பிள் போனது. கேடலாக் அளவை வைத்துக்கொண்டு இறங்காதே, தம்பி.

சரி, நம்பி இறக்கலாமா? நேர்க் கிணறு, தலை சுத்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கு. சாய்வுக் கிணற்றுக்கு இன்று என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். இவ்வளவு புகழ்ந்த பிறகும் அப்படித்தான் சொல்கிறேன். அந்த ஐந்து மணி நேரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வேலைக்கு, ஃபிஷைச் சுற்றி இறங்கி அடைப்பைக் கழுவும் வாஷ்ஓவர் பைப்பை முதலில் தயார்செய்யச் சொல்லிவிட்டேன். புதுக் கிராப்பிள் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும்.